'க்ளீன் டைட்டில்தான் சார்': அமெரிக்காவில் பழைய கார் வாங்கப் போகிறவர்களுக்கு

டாலஸ் பக்கம் வந்து இறங்கிய மூன்றாவது மாதம் ஒரு பழைய செடான் வாங்கினேன். அதே வருட மாடல், ஏறக்குறைய அதே மைல் ஓடிய கார்களுக்கெல்லாம் 11,000 டாலர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இது மட்டும் 7,400. "வேறு ஊருக்கு மாறிப் போகிறேன், அவசரம்" என்றார் விற்றவர். காரின் பத்திரமான டைட்டிலைக் காட்டினார். கையெழுத்துப் போட வேண்டிய இடம் எங்கே என்று மட்டும் பார்த்தேன். அதே காகிதத்தில் 'ரீபில்ட் சால்வேஜ்' என்று இரண்டு சொல் அச்சாகியிருந்தது. படித்தேன்கூட. ஏதோ அலுவலகக் குறிப்பு என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் இன்சூரன்ஸுக்குப் போன் போட்டபோதுதான் அதன் அர்த்தம் தெரிந்தது.

ஊரில் மூலப் பத்திரமும் வில்லங்கச் சான்றும் பார்க்காமல் ஒரு சென்ட் நிலம் வாங்காத குடும்பம் எங்களுடையது. இங்கே வந்து அதைக் கோட்டை விட்டேன். நீங்கள் விடக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன். நான் டெக்ஸாஸ்காரன் என்பதால் படிவம், கட்டணம் எல்லாம் டெக்ஸாஸ் கணக்கில் இருக்கும். மற்ற மாநிலங்களில் பெயர்களும் தொகைகளும் மாறும். செய்ய வேண்டிய வேலைகளின் வரிசை பெரிதாக மாறாது.

1. டைட்டில் வேறு, ரெஜிஸ்ட்ரேஷன் வேறு

நமக்கு ஊரில் ஆர்.சி. ஒன்றுதான் எல்லாம். இங்கே அது இரண்டாகப் பிரிந்திருக்கிறது. ரெஜிஸ்ட்ரேஷன் என்பது காரைச் சாலையில் ஓட்டப் பணம் கட்டிப் புதுப்பித்துக்கொள்ளும் அனுமதி. டைட்டில்தான் காரின் பத்திரம். கார் யாருடையது, அதன் மேல் கடன் இருக்கிறதா, அதற்கு முன்பு ஏதாவது பெரிய கேடு நேர்ந்ததா என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். விற்பவர் ரெஜிஸ்ட்ரேஷன் சீட்டைப் போட்டோ எடுத்து அனுப்பி "பேப்பர் எல்லாம் பக்கா" என்றால், டைட்டிலின் முன்பக்கம் பின்பக்கம் இரண்டும் வேண்டும் என்று கேளுங்கள்.

அடுத்து ஒரு சொல் குழப்பம். விளம்பரங்களில் 'க்ளீன் டைட்டில்' என்றும் 'க்ளியர் டைட்டில்' என்றும் போடுவார்கள். இரண்டும் ஒன்றல்ல. க்ளியர் என்றால் கார் மேல் கடன் பாக்கி இல்லை என்று பொருள். க்ளீன் என்றால் டைட்டிலில் பிராண்ட் எதுவும் இல்லை என்று பொருள். வெள்ளத்தில் மூழ்கி எழுந்த காருக்கும் க்ளியர் டைட்டில் இருக்கலாம். 'டைட்டில் இன் ஹேண்ட்' என்றும் போடுவார்கள். காகிதம் அவர் கையில் இருக்கிறது, அவ்வளவுதான் அதற்கு அர்த்தம்.

பிராண்ட் என்றதும் டொயோட்டா, ஹோண்டா என்று நினைத்துவிடாதீர்கள். மாட்டுக்குச் சூடு போட்டு அடையாளம் வைப்பார்களே, அந்தப் பொருளில் வரும் பிராண்ட் இது: காருக்கு நேர்ந்த கேட்டைச் சொல்லும் முத்திரை. ஒருமுறை போட்டால் போட்டதுதான். கார் எத்தனை கை மாறினாலும் அடுத்தடுத்த டைட்டிலில் அது தொடர வேண்டும் என்பதுதான் ஏற்பாடு.

2. எந்தச் சூடு, எதற்காக?

சால்வேஜ்: விபத்தோ வேறு சேதமோ நடந்து, சரிசெய்வது கட்டாது என்று முடிவான கார். இன்சூரன்ஸ் நிறுவனம் 'டோட்டல் லாஸ்' என்று எழுதி, உரிமையாளருக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு, காரை ஏலத்துக்கு அனுப்பிவிடும். இந்த நிலையில் அதைச் சாலையில் ஓட்டக் கூடாது.

ரீபில்ட்: சால்வேஜ் காரை ஒருவர் ஏலத்தில் எடுத்து, பழுது பார்த்து, மாநிலம் கேட்கும் படிவங்களையும் சோதனைகளையும் முடித்து மறுபடி சாலைக்குக் கொண்டுவந்தது. டெக்ஸாஸில் 'ரீபில்ட் சால்வேஜ்' என்று வரும். வேறு இடங்களில் 'ரீகன்ஸ்ட்ரக்டட்', 'ரீஸ்டோர்டு', 'பிரையர் சால்வேஜ்' என்று பல பெயர். எல்லாம் ஒரே குட்டையில் ஊறிய மட்டைதான்.

இதில் ஒன்றைப் புரிந்துகொள்ள எனக்கு ரொம்ப நாளானது. 'மாநில அரசே சோதித்து ரீபில்ட் டைட்டில் கொடுத்திருக்கிறது, அப்புறம் என்ன பயம்' என்று நினைத்தேன். பல மாநிலங்களில் அந்தச் சோதனையின் முக்கிய நோக்கம் திருட்டு உதிரி பாகம் போட்டிருக்கிறார்களா என்று பார்ப்பதுதான். நியூயார்க்கில் அதன் பெயரே திருட்டுத் தடுப்புச் சோதனை. டெக்ஸாஸில் காரைச் சரிசெய்தவர் வி.டி.ஆர்-61 என்ற படிவத்தில் என்னென்ன மாற்றினேன், பாகங்கள் எங்கிருந்து வந்தன என்று எழுதிக் கொடுக்கிறார். சேசிஸ் நேராக இருக்கிறதா, வெல்டிங் உறுதியா என்று உங்கள் சார்பில் யாரும் படுத்துப் பார்ப்பதில்லை. போதாக்குறைக்கு, சொந்தக் கார்களுக்கு இருந்த வருடாந்திரப் பாதுகாப்புச் சோதனையும் 2025 ஜனவரி முதல் டெக்ஸாஸில் இல்லை. டாலஸ், ஹூஸ்டன், ஆஸ்டின் வட்டாரங்கள் உள்பட சில கவுண்டிகளில் (நம் ஊர் மாவட்டம் போல) புகைச் சோதனை மட்டும் இருக்கிறது.

நான்ரிப்பேரபிள், ஜங்க்: உதிரி பாகத்துக்கு மட்டும். இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

ஃப்ளட்: வெள்ளத்தில் மூழ்கியது. என் கருத்தில் ரீபில்ட்டைவிட மோசம் இதுதான். நசுங்கிய பானெட்டை மாற்றலாம். வயரிங்குக்குள் போன தண்ணீர் மாதக்கணக்கில் உள்ளுக்குள்ளேயே அரித்துக்கொண்டிருக்கும். வாங்கும் அன்று எல்லாம் வேலை செய்யும்.

லெமன்: திரும்பத் திரும்ப ஒரே கோளாறு வந்ததால் தயாரித்த நிறுவனமே திரும்ப வாங்கிக்கொண்ட கார். கலிஃபோர்னியாவில் டைட்டிலில் எழுதுவதோடு ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒரு ஸ்டிக்கரும் ஒட்டுவார்கள். என்ன கோளாறு என்று தெரிந்து, அது தீர்ந்ததற்கு ஆதாரமும் இருந்தால் யோசிக்கலாம்.

ஓடோமீட்டர்: 'நாட் ஆக்சுவல் மைலேஜ்' என்று எழுதியிருந்தால், மீட்டரில் தெரியும் எண்ணை நம்ப முடியாது. இங்கே மைலேஜ் என்றால் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதல்ல, கார் இதுவரை ஓடிய தூரம். நான் முதல் வாரம் ஒரு டீலரிடம் இதைக் குழப்பி நல்ல பெயர் வாங்கினேன்.

இத்தனைக்கும் பிறகு, டைட்டிலில் பிராண்ட் இல்லாததால் மட்டும் அந்தக் கார் அடிபடாதது என்று ஆகிவிடாது. எந்த அளவு சேதத்துக்குச் சால்வேஜ் முத்திரை குத்துவது என்பதை மாநிலங்கள் தனித்தனியாக முடிவு செய்கின்றன. கார் மதிப்பு 10,000 டாலர், பழுதுச் செலவு 8,000 என்று வையுங்கள். நியூயார்க்கில் வரம்பு 75 சதவீதம், அங்கே அது சால்வேஜ். டெக்ஸாஸில் பழுதுச் செலவு காரின் மதிப்பையே தாண்டினால்தான் சால்வேஜ். அந்தக் கணக்கிலும் பெயின்ட் செலவைச் சேர்ப்பதில்லை. ஆக அதே அடி வாங்கிய கார் இங்கே க்ளீன் டைட்டிலோடு சுற்றலாம். உரிமையாளர் லயபிலிட்டி (இடிபட்ட அடுத்தவருக்கு மட்டும் பணம் தரும் இன்சூரன்ஸ்) மட்டும் வைத்திருந்து தானே மரத்தில் மோதிக்கொண்டிருந்தால், அவருடைய இன்சூரன்ஸ் அந்தப் பழுதுக்குப் பணம் தராது. க்ளெய்மே போகாத இடத்தில் டைட்டிலில் முத்திரையும் விழாமல் போகலாம்.

இது போதாதென்று டைட்டில் சலவை என்ற தொழிலும் நடக்கிறது. ஒரு மாநிலத்தில் முத்திரை வாங்கிய காரை, அந்த முத்திரையைக் கணக்கில் எடுக்காத வேறொரு மாநிலத்தில் பதிந்து புது டைட்டில் வாங்கிவிடுவது. பெரும் புயல் ஒன்று அடித்து ஓய்ந்த பிறகு இதைப் பற்றிய எச்சரிக்கைகள் வரும். 2017-ல் ஹூஸ்டனை மூழ்கடித்த ஹார்வி, 2022-ல் ஃப்ளோரிடாவில் இயன், 2024-ல் ஹெலீன், மில்டன். அந்தப் பக்கங்களில் ஓடிய கார் என்று தெரிந்தால் இரண்டு மடங்கு கவனம் தேவை.

3. நேரில் போகும் முன் வின் எண்ணை வாங்குங்கள்

ஒவ்வொரு காருக்கும் 17 எழுத்து, எண் கொண்ட தனி அடையாளம் உண்டு, அதுதான் வின். அதில் ஆங்கில ஐ, ஓ, க்யூ வராது. யாராவது அனுப்பிய வின்னில் ஓ இருந்தால் அது பூஜ்ஜியம், இல்லையென்றால் பொய். வின் தர மறுப்பவரிடம் மேற்கொண்டு பேசாதீர்கள். எனக்கு விற்றவர் "நேரில் வாருங்கள், பார்த்துக்கொள்ளலாம்" என்றார். நேரில் போன பிறகு ஆசை வந்துவிடும். ஆசை வந்த பிறகு யாரும் அறிக்கை படிப்பதில்லை.

வின் கிடைத்ததும் காசில்லாத சோதனைகளை முதலில் முடித்துவிடுங்கள். இன்சூரன்ஸ் மோசடிகளைக் கண்காணிக்கும் என்.ஐ.சி.பி. என்ற அமைப்பின் 'வின்செக்', திருட்டுப் புகார் உண்டா, இன்சூரன்ஸ் நிறுவனங்கள் சால்வேஜ் என்று அறிவித்ததா என்று சொல்லும். 24 மணி நேரத்தில் 5 தேடல் வரை இலவசம். மத்திய அரசின் சாலைப் பாதுகாப்பு அமைப்பான என்.எச்.டி.எஸ்.ஏ.வின் தளத்தில் அதே வின்னைப் போட்டால், சரிசெய்யாமல் நிலுவையில் இருக்கும் ரீகால் (கோளாறைச் சரிசெய்யத் தயாரிப்பாளர் காரைத் திரும்ப அழைப்பது) தெரியும். அப்புறம் வின்னை மேற்கோள் குறிக்குள் போட்டு கூகுளில் தேடுங்கள். கோபார்ட், ஐ.ஏ.ஏ. போன்ற ஏல நிறுவனங்களில் விற்ற கார் என்றால், நசுங்கிய நிலையில் எடுத்த ஏலப் படங்கள் பல சமயம் கிடைக்கும். வாங்கி ஒரு மாதம் கழித்து என் காரை இப்படித் தேடினேன். இடது முன்பக்கம் இல்லவே இல்லை. இரண்டு ஏர்பேக்கும் வெடித்துத் தொங்கிக்கொண்டிருந்தன.

இதில் எல்லாம் தேறினால் காசு செலவழியுங்கள். என்.எம்.வி.டி.ஐ.எஸ். என்பது அமெரிக்க நீதித் துறையின் கீழ் வரும் தேசிய டைட்டில் தகவல் தொகுப்பு. இன்சூரன்ஸ் நிறுவனங்களும் பழைய இரும்புக்குக் கார் எடுக்கும் யார்டுகளும் இதற்குத் தகவல் தர வேண்டும் என்பது சட்டம். வெஹிக்கிள்ஹிஸ்டரி டாட் ஜிஓவி என்ற அரசுத் தளத்தில் அங்கீகாரம் பெற்ற விற்பனையாளர்களின் பட்டியல் இருக்கிறது. அவர்களிடம் ஓர் அறிக்கை சில டாலர்தான். கிட்டத்தட்ட வில்லங்கச் சான்று என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்தெந்த மாநிலத்தில் டைட்டில் இருந்தது, எங்கே எந்த முத்திரை விழுந்தது என்பது வரும். சர்வீஸ் விவரம், சின்ன விபத்து எல்லாம் வராது. அதற்குக் கார்ஃபாக்ஸ் அல்லது ஆட்டோசெக் என்ற தனியார் அறிக்கைகள். கார்ஃபாக்ஸ் ஒற்றை அறிக்கை 40 டாலருக்கு மேல், ஆட்டோசெக் அதைவிடக் குறைவு. டீலர்கள் பலர் இவற்றை இலவசமாகவே காட்டுவார்கள். காட்டினால், அறிக்கையில் உள்ள வின்னும் காரின் வின்னும் ஒன்றா என்று பாருங்கள்.

ஒரு பொறி: "இந்தத் தளத்தில் 25 டாலர் கட்டி ரிப்போர்ட் எடுத்துக் காட்டுங்கள், அதைத்தான் நம்புவேன்" என்று கேள்விப்படாத ஒரு சுட்டியை அனுப்புவார்கள். விற்பவரிடம் வாங்குபவர் சொல்வார், வாங்குபவரிடம் விற்பவரும் சொல்வார். உங்கள் கார்டு எண்ணுக்கான வலை அது. அறிக்கையை நீங்களே தேர்ந்தெடுத்த இடத்தில் எடுங்கள்.

4. இன்சூரன்ஸுக்கும் பேங்குக்கும் முன்கூட்டியே போன்

இது நான்காவது படி. நான் இதைக் கடைசியில் செய்தேன்.

வின்னைச் சொல்லி, "டைட்டில் ரீபில்ட், காம்ப்ரிஹென்சிவ், கொலிஷன் இரண்டும் கொடுப்பீர்களா" என்று நேரடியாகக் கேளுங்கள். கொலிஷன் மோதலில் உங்கள் காருக்கு ஆகும் சேதத்துக்கு, காம்ப்ரிஹென்சிவ் திருட்டு, வெள்ளம் போன்றவற்றுக்கு. சில நிறுவனங்கள் லயபிலிட்டி மட்டும் தருவார்கள். சிலர் போட்டோவும் மெக்கானிக் எழுதிய கடிதமும் கேட்டுவிட்டு முழுதும் தருவார்கள். எனக்கு மூன்று இடத்தில் லயபிலிட்டி மட்டும், நான்காவது இடத்தில்தான் முழு கவரேஜ். லயபிலிட்டி என்பது நீங்கள் இடித்தவருக்குக் கொடுக்கும் பணம். டெக்ஸாஸில் அதன் குறைந்தபட்சம் 30/60/25: ஒருவருக்கு 30,000, ஒரு விபத்துக்கு 60,000, பொருள் சேதத்துக்கு 25,000 டாலர். உங்கள் காருக்கு அதிலிருந்து ஒரு காசு வராது. முழு கவரேஜ் கிடைத்தாலும், நாளை கார் மறுபடி டோட்டல் லாஸ் ஆனால் ரீபில்ட் விலையைத்தான் தருவார்கள், க்ளீன் கார் விலையை அல்ல.

கடனும் அப்படித்தான். பிராண்ட் டைட்டில் என்றால் பெரிய வங்கிகள் பல கையை விரித்துவிடும். சில கிரெடிட் யூனியன்கள் (உறுப்பினர்களுக்கான கூட்டுறவு வங்கி மாதிரி) கூடுதல் வட்டியில் கொடுக்கும். புதிதாக வந்து கிரெடிட் ஹிஸ்டரியே இல்லாதவருக்கு அதுவும் சிரமம். 7,400-ல் பாதியை நான் நண்பனிடம் கைமாற்றாக வாங்கினேன்.

5. விலை ஏன் குறைவு என்று காகிதத்தில் காட்டச் சொல்லுங்கள்

ரீபில்ட் கார் அதே மாதிரியான க்ளீன் காரைவிட 20 முதல் 40 சதவீதம் குறைந்த விலைக்குப் போகும் என்பது பொதுவான கணக்கு. 10 சதவீதம் மட்டும் குறைத்துத் தருகிறார் என்றால் உங்களை ஏமாற்றுகிறார். விற்பவரிடம் மூன்று கேள்வி: என்ன சேதத்துக்கு 'டோட்டல் லாஸ்' என்று எழுதினார்கள்? யார் பழுது பார்த்தது? பில்லும் முன்-பின் படங்களும் இருக்கின்றனவா? ஆலங்கட்டி மழையில் கூரையும் பானெட்டும் குழி விழுந்த கார், திருட்டுப் போய் க்ளெய்ம் பணம் கொடுத்த பிறகு கிடைத்த கார், இவை இரண்டையும் நான் யோசிப்பேன். ஏர்பேக் வெடித்த காரை யோசிக்க மாட்டேன். மோதிய கார்களில் தரமற்ற இறக்குமதி ஏர்பேக் இன்ஃப்ளேட்டர்களை (ஏர்பேக்கை ஊதும் பாகம்) பொருத்தி, அவை அடுத்த விபத்தில் சிதறி உயிர்கள் போனதால், என்.எச்.டி.எஸ்.ஏ. 2024-ல் பழைய கார் வாங்குபவர்களுக்கென்றே எச்சரிக்கை விட்டது.

"சால்வேஜ் டைட்டில்தான், ஒரு ஃபார்ம் நிரப்பினால் ரீபில்ட் ஆகிவிடும்" என்று சொல்பவர்களும் உண்டு. அந்த ஃபார்ம்தான் மேலே சொன்ன வி.டி.ஆர்-61. அதோடு தனியாக 65 டாலர் கட்டணம், பழுது பார்த்த விவரம் எல்லாம் உங்கள் தலையில். முடியும்வரை கார் வீட்டு வாசலில்தான். அவ்வளவு சுலபம் என்றால் அவரே செய்து ஆயிரம் டாலர் கூட்டி விற்றிருப்பாரே?

6. காரைப் பார்க்கும் நாள்

பகலில் போங்கள், மழையில் வேண்டாம். டாஷ்போர்டில் கண்ணாடி ஓரம் தெரியும் வின், ஓட்டுநர் கதவுச் சட்ட ஸ்டிக்கரில் உள்ள வின், டைட்டிலில் உள்ள வின் மூன்றும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும்.

சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கு சில விநாடி எரிந்து அணைய வேண்டும். எரிந்துகொண்டே இருந்தால் கோளாறு. எரியவே இல்லை என்றால் அதைவிடப் பெரிய கோளாறு, யாரோ விளக்கையே பிடுங்கியிருக்கலாம்.

வெள்ளத்துக்கு: சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், கறைக் கோடு இருக்கும். ஸ்டெப்னி வைக்கும் குழியில் மண், சீட்டுக்கு அடியில் உள்ள தண்டவாளத்தில் துரு, ஹெட்லைட்டுக்குள் ஈரம். பத்து வயதுக் காரில் புத்தம் புதுக் கார்பெட் இருந்தாலோ, கதவைத் திறந்ததும் சென்ட் வாசனை மூக்கைத் துளைத்தாலோ சந்தேகப்படுங்கள்.

இதெல்லாம் நாமே பார்ப்பது. இதற்கு மேல் ஒரு மெக்கானிக் கட்டாயம். வாங்குவதற்கு முந்தைய சோதனைக்கு 100 முதல் 250 டாலர் ஆகும், ஒன்றரை மணி நேரம் எடுக்கும். பிராண்ட் இருக்கிற கார் என்று முன்பே சொல்லி, லிஃப்டில் ஏற்றி ஃப்ரேம் பார்க்கச் சொல்லுங்கள். எஞ்சின் மட்டும் பார்ப்பவரைவிட பாடி ஷாப் அனுபவம் உள்ளவர் மேல். விற்பவர் சொல்லும் கடைக்குப் போகாதீர்கள். சோதனைக்கே விடமாட்டேன் என்றால் நன்றி சொல்லிவிட்டு வீட்டுக்கு வாருங்கள்.

7. டைட்டிலைக் கையில் வாங்கிப் படியுங்கள்

முன்பக்கம்: வின், உரிமையாளர் பெயர், வழங்கிய தேதி, ஓடோமீட்டர், கடன் கொடுத்தவர் விவரம், குறிப்புப் பகுதி. இந்தக் குறிப்புப் பகுதியில்தான் பிராண்ட் உட்கார்ந்திருக்கும். விரலை வைத்து ஒவ்வொரு சொல்லாகப் படியுங்கள், புரியாததை அங்கேயே போனில் தேடுங்கள். விற்பவர் காத்திருக்கட்டும்.

உரிமையாளர் பெயரும் எதிரில் நிற்பவரின் டிரைவிங் லைசென்ஸும் பொருந்த வேண்டும். "என் மச்சான் கார், அவன் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டான்" என்றால், இடையில் ஒருவர் தன் பெயருக்கு மாற்றாமலே விற்கிறார் என்று அர்த்தம். நாளை மாற்ற முடியாமல் மாட்டிக்கொள்வது நீங்கள்தான். டைட்டில் போன மாதம்தான் வேறு மாநிலத்திலிருந்து மாறி வந்திருக்கிறது என்றால் ஏன் என்று கேளுங்கள். கடன் காட்டினால், கடன் தீர்ந்ததற்கான அசல் கடிதம் வேண்டும்.

டீலர் என்றால் கண்ணாடியில் 'பையர்ஸ் கைடு' என்ற தாள் ஒட்டியிருக்க வேண்டும், அது மத்திய அரசு விதி. அதில் 'ஆஸ் இஸ்' பெட்டியில் டிக் இருந்தால், கேட்டைத் தாண்டியதும் என்ன உடைந்தாலும் உங்கள் செலவு. மூன்று நாளில் திருப்பிக் கொடுக்கலாம் என்று யாராவது சொல்லியிருந்தால் மறந்துவிடுங்கள், டெக்ஸாஸில் அப்படி ஓர் உரிமை கிடையாது. வாயால் 'க்ளீன்' என்று சொன்னதைப் பில்லில் 'டைட்டிலில் பிராண்ட் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் அந்தத் தயக்கமே உங்களுக்குப் பதில்.

8. பணம் கொடுக்கும் நாளும் கவுண்டி அலுவலகமும்

தனியாரிடம் வாங்கினால், முடிந்தால் விற்பவரையும் அழைத்துக்கொண்டு கவுண்டி டாக்ஸ் அலுவலகத்துக்கே போய்விடுங்கள். டெக்ஸாஸில் டைட்டில் மாற்றுவது அங்கேதான். தேவையானவை: இருவரும் கையெழுத்திட்ட அசல் டைட்டில், 130-யூ என்ற டைட்டில் விண்ணப்பப் படிவம், பில் ஆஃப் சேல் (விற்பனை ரசீது), உங்கள் அடையாள அட்டை, ரெஜிஸ்ட்ரேஷனுக்கு இன்சூரன்ஸ் சான்று. லைசென்ஸ் இன்னும் வராதவர்கள் விசா உள்ள பாஸ்போர்ட்டோடு, நாட்டுக்குள் நுழைந்ததற்கான பதிவான ஐ-94-ஐயும் எடுத்துப் போங்கள். வாங்கிய நாளிலிருந்து 30 நாளுக்குள் முடிக்க வேண்டும், தாண்டினால் அபராதம். கையெழுத்துப் போடும் இடத்தில் அடித்துத் திருத்தாதீர்கள். ஒரு திருத்தம் இருந்தாலும் கவுண்டரில் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

செலவு: டைட்டில் விண்ணப்பம் கவுண்டியைப் பொறுத்து 28 அல்லது 33 டாலர். விற்பனை வரி 6.25 சதவீதம். இந்த வரியில்தான் மலிவான கார் வாங்குபவருக்கு ஓர் உள்குத்து இருக்கிறது. தனியார் விற்பனையில் மாநிலமே அந்த மாடலுக்கு ஒரு மதிப்பு வைத்திருக்கும். அதில் 80 சதவீதத்துக்குக் கீழே நீங்கள் வாங்கியிருந்தால், கொடுத்த விலைக்கு அல்ல, அந்த 80 சதவீதத்துக்குத்தான் வரி. என் கார் மதிப்பு 11,000. 80 சதவீதம் 8,800. வரி 550 டாலர். நான் கொடுத்த 7,400-க்கு என்றால் 462.50-தான். லைசென்ஸ் உள்ள டீலரோ இன்சூரன்ஸ் மதிப்பீட்டாளரோ எழுதிய சான்றை, வாங்கிய 20 வேலை நாளுக்குள் பெற்றுக் கொடுத்தால் வரி குறையும். ஆனால் அந்தச் சான்றுக்கே நூறு டாலர் போல ஆகும். 87.50 மிச்சம் பிடிக்க நூறு செலவழிப்பதா என்று விட்டுவிட்டேன். இடைவெளி பெரிதாக இருந்தால் நீங்கள் வாங்குங்கள். அந்த மதிப்பை டெக்ஸாஸ் மோட்டார் வாகனத் துறையான டி.எக்ஸ்.டி.எம்.வி.யின் தளத்தில் வின்னும் ஓடிய மைலும் போட்டு முன்பே பார்த்துக்கொள்ளலாம். புது டைட்டில் சில வாரத்தில் தபாலில் வரும். வந்ததும் பிராண்ட் வரியை மறுபடி படியுங்கள்.

9. வாங்கிய பிறகு தெரிந்தால்

முதலில் விளம்பரம், மெசேஜ், பில் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். கோபத்தில் போன் போட்டுத் திட்டினால் விளம்பரம் அன்றைக்கே காணாமல் போகும். டீலர் மறைத்திருந்தால் டி.எக்ஸ்.டி.எம்.வி.யிலும் மாநில அட்டர்னி ஜெனரலின் நுகர்வோர் பிரிவிலும் புகார் கொடுக்கலாம். 20,000 டாலர் வரையுள்ள வழக்கை, சிறு வழக்குகளைப் பார்க்கும் ஜஸ்டிஸ் கோர்ட்டில் வக்கீல் இல்லாமலே போடலாம். ஓடோமீட்டரைத் திருப்பிய மோசடி என்றால் மத்திய சட்டம் கடுமையானது: நஷ்டத்தைப் போல மூன்று மடங்கு அல்லது 10,000 டாலர், எது அதிகமோ அது. இரண்டு வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும்.

என் விஷயத்தில் இவை எதுவும் செல்லவில்லை. டைட்டிலில் அச்சாகியிருந்தது, நான் கையெழுத்துப் போட்டிருந்தேன். யார் என்னத்தை மறைத்தார்கள்?

அந்தக் காரை இரண்டரை வருடம் ஓட்டினேன். பெரிய தொல்லை தரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். விற்கத்தான் நான்கு மாதம் ஆனது. 'ரீபில்ட்' என்று விளம்பரத்தின் முதல் வரியிலேயே போட்டதால் பத்துப் பேரில் எட்டுப் பேர் அதற்கு மேல் படிக்கவில்லை. கடைசியில் வந்தது ஆர்லிங்டனில் மேற்படிப்புக்கு வந்திருந்த ஒரு பையன். டயரைப் பார்த்தான், ஏசியைப் போட்டுப் பார்த்தான், "எங்கே அண்ணா சைன் பண்ணணும்?" என்றான். டைட்டிலை வண்டியின் பானெட் மேல் விரித்து, முதலில் இதைப் படி என்று அந்த இரண்டு சொல்லின் மேல் விரலை வைத்தேன்.